கோடு அறாத கோலமும் தரையில் ஓடும் ஆமையும்

புள்ளிகளைச் சுற்றி வளைந்து சென்று, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொள்ளும் கோட்டினால் ஆன கோலத்தைத் தமிழகத்தில் சிக்குக்கோலம் என்றும் கம்பிக்கோலம் என்றும் வழங்குவர். கையை எடுக்காமல் ஒரே கோட்டால் உருவம் தீட்டும் இம்முறையைத் தொடர்கோட்டு வரைதல் எனலாம். ஓவியர் பால் கிளே முதல் பிக்காசோ வரை பலரையும் ஈர்த்த இந்த வரைதலுக்கும், கட்டளைகளை ஏற்றுத் தானாக இயங்கும் பொறிகளை ஆக்கும் ரோபோவியலுக்கும் இடையே நெருங்கிய உறவு உண்டு. வன்னியின் தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் தைப்பொங்கலன்று சாணத்தால் மெழுகிய முற்றத்தில் அரிசிமாக் கோலம் இடப்படுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்த உறவை விளக்குவது கடினமன்று.

கோலத்தைக் கணினி அறிவியலின் கண்கொண்டு முதலில் ஆராய்ந்தவர்கள் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் ஆவர். இவர்கள் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் வெளியிட்ட ஆய்வு, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை வளர்த்தெடுக்கும் முறையை, மொழிக்கு இலக்கணம் வகுப்பதுபோல வகுத்துக் காட்டியது. கோலமிடும் பெண்கள் முழுப் படத்தையும் மனத்தில் சுமப்பதைக் காட்டிலும், நேராகச் செல்லுதல், வலப்புறம் வளைதல், இடப்புறம் சுழித்தல் என்னும் சில அசைவுகளின் வரிசையையே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதும் இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாகப் புலப்பட்டது. அவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்ட அசைவுகளின் வரிசையே கணினி மொழியில் நிரல் எனப்படுகிறது. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் தம் பேத்திக்குக் கோலம் கற்றுக்கொடுத்தபோது நிரலையே கற்றுக்கொடுத்தார் என்று சொல்வது மிகையாகாது.

அமெரிக்காவில் 1967இல் வோலி ஃபோய்ர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சொலமன் ஆகியோர் சிறுவருக்கென உருவாக்கிய லோகோ என்னும் கணினி மொழியும் இதே வழியிற் சென்றது. முன்னே செல், வலப்புறம் திரும்பு என்னும் கட்டளைகளுக்கு ஏற்ப நகர்ந்து, தான் சென்ற தடத்தைப் பேனாவால் பதிக்கும் சிறு ரோபோவை அவர்கள் ஆமை என்று அழைத்தனர். பிரித்தானிய ஓவியர் ஹரோல்ட் கோஹன், தாம் எழுதிய ஆரன் என்னும் நிரலைக் கொண்டு அத்தகைய ஆமையொன்றைத் தாளின்மேல் ஓடவிட்டு, 1979இல் சான் பிரான்சிஸ்கோவின் நவீன ஓவியக் காட்சியகத்தில் வரையச் செய்தார்.

வரையும் ரோபோவின் உடற்கூறு எளிது. இரண்டு சில்லுகளுக்கும் தனித்தனி மோட்டர் பொருத்தி, அவற்றை இணைக்கும் அச்சின் நடுவில் பேனாவைச் செங்குத்தாக நிறுத்தினால் போதுமானது. இரு சில்லுகளும் ஒரே வேகத்தில் முன்னோக்கிச் சுழன்றால் நேர்கோடு வரும். ஒன்று விரைவாகவும் மற்றையது மெதுவாகவும் சுழன்றால் வளைகோடு வரும். சில்லுகளுக்கிடையே 10 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும்போது 15 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தை வரைய வேண்டுமாயின், வெளிச்சில்லு 20 சென்ரிமீற்றர் ஆரையிலும் உட்சில்லு 10 சென்ரிமீற்றர் ஆரையிலும் செல்லும். ஆகவே அவற்றின் வேகங்கள் 2:1 என்னும் விகிதத்தில் அமைய வேண்டும். பேனாவைத் தூக்கி வைப்பதற்கு இன்னொரு மோட்டரும் அதற்குரிய கட்டளைகளும் தேவைப்படும் என்பதால், பேனாவைத் தூக்கவே வேண்டாத தொடர்கோட்டு ஓவியம் தொடக்கநிலை மாணவரின் பொறிக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

பிழையை மறைக்காமல் காட்டிவிடுவது இவ்வகை ஓவியத்தின் மற்றொரு சிறப்பு. சதுரம் ஒன்றை வரையும் ரோபோ ஒவ்வொரு மூலையிலும் 1 பாகை குறைவாகத் திரும்பினால், நான்காம் திருப்பத்தின் முடிவில் அது 4 பாகை விலகி நிற்கும். கோட்டின் நுனியும் தொடங்கிய புள்ளியைச் சேராது. சில்லு வழுக்கியதா, அதன் விட்டம் தவறாக அளக்கப்பட்டதா, பட்டரி தளர்ந்ததா என்று மாணவர் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிவரும். ஆசிரியரின் சிவப்புப் பேனாவைவிட மூடாமல் நிற்கும் அந்தக் கோடு நல்ல ஆசான்.

எந்தக் கோலம் ஒரே கோட்டில் முடியும் என்பதற்கும் கணிதத்தில் விடை உண்டு. செவ்வக வடிவில் புள்ளிகளை இட்டு, கோடு விளிம்பில் மட்டும் திரும்புமாறு பின்னினால், தேவைப்படும் கோடுகளின் எண்ணிக்கை கிடைவரிசை, நெடுவரிசை ஆகியவற்றின் புள்ளி எண்ணிக்கைகளது பொதுக் காரணிகளுட் பெரியதற்குச் சமனாகும். ஆகவே 2×3, 3×4 புள்ளிகளுக்கு ஒரே கோடு போதும். 4×4 புள்ளிகளுக்கு நான்கு கோடுகள் வேண்டும். அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் விரலால் வரையும் சோனா ஓவியங்களிலும் இதே விதி இயங்குவதை மொசாம்பிக் கணித அறிஞர் பௌலஸ் கெர்டெஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். கடல் கடந்த இரு மக்கட் கூட்டங்கள் புள்ளியையும் கோட்டையும் வைத்து ஒரே கணிதத்தைத் தொட்டிருப்பது வியக்கத்தக்கது.

ரோபோவின் கோடு எங்கும் ஒரே தடிப்பில் செல்லும். விரலிடுக்கில் வழியும் மாவோ கையின் வேகத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் விழும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கே கை எதைச் செய்கிறது, பொறி எதைச் செய்கிறது என்பது விளங்கும். எனவே கோலத்தையும் ரோபோவையும் இணைத்துக் கற்பிக்கும் பாடத்தைத் தொழினுட்ப ஆசிரியரிடம் மட்டும் ஒப்படைத்தல் தவறு. சித்திர ஆசிரியரும் கணித ஆசிரியரும் உடனிருக்க வேண்டும். ரோபோ கிடைக்காத பாடசாலையிலும் இதைத் தொடங்கலாம். ஒரு மாணவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆமையாக நடக்க, மற்றொருவர் கட்டளையிட, 2×3 கோலத்தை மணலில் வரையலாம். நான்கு மூலைகளிலும் 180 பாகை, இரு நடுப்புள்ளிகளில் 90 பாகை என ஆறு திருப்பங்களே அதற்குத் தேவை. வன்னியின் பாடசாலைகள் அடுத்த தைப்பொங்கலுக்கு முன்பே தம் முற்றத்தில் இதைச் செய்துபார்க்க வேண்டும்.