கழுத்துக் கருப்பு அழுக்கு அல்ல

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பிடரியில் கருமை படர்கிறது. தோல் தடித்து வெல்வெட் துணிபோல ஆகிவிடுகிறது. அழுக்கென்று நினைத்து அம்மாக்கள் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். கடலை மாவு, எலுமிச்சை என்று எல்லாம் பூசிப் பார்க்கிறார்கள். போகாது. உடல் பருத்து, அக்குளிலும் அதே கருமை இருந்தால், இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகையான இன்சுலின் தோல் செல்களைப் பெருகச் செய்கிறது. “ஒழுங்காகக் குளிப்பதே இல்லை” என்று அந்தப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம். சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டிய நேரம் அது.

நம் பிள்ளைகளின் பருமனைக் கண்ணளவில் எடைபோட முடியாது. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவாகவும், தசை குறைவாகவும், கொழுப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டும் பிறக்கின்றன என்று யாஜ்னிக்கின் புனே ஆய்வுகள் காட்டின. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளிய இளைஞர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த வயிற்றுக் கொழுப்புதான் ஆபத்தானது. இந்தியப் பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டாலே மருத்துவர்கள் எச்சரிப்பதும், இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது என்பதும் இதனால்தான். வளரும் பிள்ளைகளுக்கோ வயதையும் பாலினத்தையும் வைத்துத் தனி அட்டவணை உண்டு.

பற்றாக்குறைக்குப் பழகிய இப்படிப்பட்ட உடலுக்குத்தான் இன்று காலை முதல் இரவு வரை ஏதாவது தீனி கிடைக்கிறது. 300 மி.லி. குளிர்பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர்களே ஒரு நாளில் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி விட்டதும் டியூஷன், வழியில் ஒரு சிப்ஸ் பாக்கெட், இரவில் பரோட்டா, நள்ளிரவு வரை கைபேசி. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது என்பதால் மறுநாள் தீனி இன்னும் அதிகமாகிறது.

வீட்டுப் பெரியவர்களும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்கள். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4. ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆனது. ஐந்தாண்டுக்குள் இத்தனை பேருக்கு ஒரேயடியாக மனக்கட்டுப்பாடு குலைந்துவிடுமா? மாறியது கடைத்தெருவும் அன்றாட நேர ஒழுங்கும்தான்.

நாற்பதைத் தாண்டியவர்களின் நோய் என்றிருந்த இரண்டாம் வகை நீரிழிவு இப்போது பதின்வயதினருக்கும் வருகிறது. இளவயதில் வந்தால் சிறுநீரகத்தையும் கண்ணையும் வேகமாகத் தாக்குகிறது. மது தொடாத பிள்ளைக்கும் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறுகிறது, சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை தலைதூக்குகிறது. குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளை வகுப்பில் சோர்ந்து விழுகிறது. இத்தனைக்கும் மேல் கேலி. கேலிக்கு ஆளாகும் பிள்ளை விளையாட்டுத் திடலை விட்டே ஒதுங்கிவிடுகிறது.

அதற்காகப் பட்டினி போடக்கூடாது; வளரும் உடம்பு அது. ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் என்பதும் நடக்காது. சுண்டல், முட்டை, கீரை, காய் என்று வீடே மாற வேண்டும், குளிர்பானம் வீட்டுக்குள் வரக்கூடாது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்துவிட்டது. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பொதுத்தேர்வு வகுப்புகளிலோ பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் அந்த பீரியடைத் திருப்பிக் கேளுங்கள்.