உப்புக் காற்றும் பழைய வேனின் ஜன்னல் தாழ்ப்பாளும்

நம் தீவுகளில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழை விட்டால் உப்புக் காற்று. போதாததற்கு, சிறு உதிரிப் பாகம் என்றாலும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி சென்னையிலிருந்து வரவேண்டும். ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றத் தெரிவது இங்கு பெரிய உதவி.

மாருதி வேனை அறியாதவர் நம்மில் குறைவு. 1984இல் வந்தது; 796 சி.சி. இன்ஜின், 1988இல் 'ஆம்னி' என்று பெயர் மாறியது, 2019இல் உற்பத்தி நின்றது. ஸ்ரீ விஜய புரத்தில் (2024 வரை போர்ட் பிளேயர்) என் பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படியொரு பழைய வேன் இருக்கிறது. அதில் நடுக் கதவின் நகரும் கண்ணாடித் தாழ்ப்பாள் முறிந்துவிட்டது. புதியது கிடைக்கவில்லை.

"சார், ரெண்டு ஸ்க்ரூ போட்டுக் கண்ணாடியை ஒரேயடியா மூடிடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி" என்றேன். இந்த வேனில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில். வெப்பம் உள்ளே ஏறும். ஏ.சி. இல்லாத வண்டியில் நடுவில் உட்காரும் வயதான தாயாருக்கும் பிள்ளைகளுக்கும் காற்று வரும் வழி அந்த ஜன்னல்தான். மேலும் அது பதப்படுத்திய கண்ணாடி. டிரில் பட்டால் முழுவதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

ரயில்வேயில் ஒரு பாகம் உடைந்தால், 'ஏன் உடைந்தது?' என்று முதலில் கேட்பது வழக்கம். இங்கும் அப்படியே பார்த்தேன். முறிந்தது தாழ்ப்பாளின் நாக்கு, காரணமோ வேறு. கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் மணலும் பாசியும் அடைத்து, நீர் வடியும் துளைகள் மூடியிருந்தன. தேங்கிய நீரில் ஸ்பிரிங் துருப்பிடித்தது, கண்ணாடி இறுகியது. இறுகியதை பலமாக இழுக்க, நாக்கு போயிற்று. பள்ளத்தைச் சுத்தம் செய்யாமல் புதுத் தாழ்ப்பாள் போட்டாலும் அதே கதிதான்.

செய்த முறை இது. கண்ணாடி நகராமல் துணி சுற்றிய மரச் சக்கை வைத்தோம். துருப்பிடித்த திருகாணிகளில் துரு நீக்கும் எண்ணெயை, ரப்பரில் படாமல், சில சொட்டு விட்டு ஓர் இரவு ஊறவிட்டோம். சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, தாழ்ப்பாளைத் தனியே எடுத்தோம். பழைய பின்னின் நடுவில் சென்டர் பஞ்சால் குறியிட்டு, முதலில் 2 மி.மீ., பிறகு 3 மி.மீ. பிட்டால் துளைத்து அகற்றினோம். உடைந்த இரு துண்டுகளையும் அட்டையில் வைத்து அளவெடுத்து, 3 மி.மீ. பித்தளைத் தகட்டில் புதிய நாக்கை ஹேக்சாவால் அறுத்து அரத்தால் ராவினோம். துருப்பிடிக்காத எஃகில் அதே அளவு ஸ்பிரிங் கடையில் கிடைத்தது.

ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். தாழ்ப்பாளின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. உப்பு ஈரத்தில் அதனுடன் பித்தளை தொட்டால் மின் அரிமானம் உண்டாகித் துத்தநாகம் கரையும். நாக்கு சிறியது, உடல் பெரியது என்பதால் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். அதையும் தடுக்க, இடையில் நைலான் வாஷர் வைத்து கிரீஸ் பூசினோம்.

பிறகு பள்ளத்தைப் பல் துலக்கும் பிரஷால் கழுவி, வடிகால் துளைகளைக் கம்பியால் திறந்து, ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே அடித்தோம். மோட்டார் எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும், அதைத் தொடாதீர்கள். ஐம்பது முறை திறந்து மூடி, ஹோஸ் பைப்பால் நீர் பாய்ச்சிப் பார்த்தோம். நீர் வெளியே வடிந்தது. உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்பே, ஜன்னல் பள்ளங்களையும் வடிகால் துளைகளையும் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான். கப்பலுக்குக் காத்திருக்கும் வாரங்கள் மிச்சம்.