காமாலை ஒன்றல்ல



கண் மஞ்சளானால் நம் வீடுகளில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆனால் காமாலை தரும் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, இ எனப் பல வகை.

எந்த வகையானாலும் ஈரல் செல்கள் சில வீங்கி உப்பும், சில சுருங்கி மடியும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே குவியும். ஈரலிலிருந்து வெளியேற வேண்டிய பித்தநிறமி இரத்தத்தில் தங்குவதால் கண் மஞ்சளாகிறது.

வேறுபாடுகளும் உண்டு. ஏ வகையில், இரத்தக்குழாய்களும் பித்தக்குழாயும் சேர்ந்து செல்லும் இடங்களைச் சுற்றி அழற்சி அதிகம். பி வகையில் செல்களைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் அல்ல. அதை எதிர்க்க வரும் நம் வெள்ளணுக்களே. சி வகையில் வெள்ளணுக்கள் திரள் திரளாகச் சேரும், செல்களில் கொழுப்பும் படியலாம்.

1955-56இல் டெல்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அவர்களில் சிலரின் ஈரல் திசுவை ஆராய்ந்தபோது, பித்தம் தேங்கி, செல்கள் சுரப்பி போல வளையமாக நின்றன. அது இ வகை என்பது பல ஆண்டுகளுக்குப் பின்பே தெரிந்தது.

இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்தும் வரும். எனவே வகையைத் தெளிவாகச் சொல்வது இரத்தப் பரிசோதனைதான்.

ஏ, இ தண்ணீரிலும் உணவிலும் பரவும். பெரும்பாலோருக்கு ஈரல் தானே சீராகிவிடும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இ வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். பி, சி இரத்தத்தால் பரவும். பி தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். இவை உடலில் தங்கிவிட்டால் ஈரல் தழும்பேறிச் சுருங்கும், புற்றுநோயும் வரலாம்.

கீழாநெல்லி பி வைரஸை நீக்கும் என்று 1988இல் சென்னை ஆய்வாளர்கள் நம்பிக்கை தந்தார்கள். பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

ஆகவே, லாரியில் வரும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி போடுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சுன்னத்துக்கும் சவரத்துக்கும் புது பிளேடு கேளுங்கள். பி, சி வகைகளுக்கு 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மருந்து தேடுவதும் நம் கடமையே.