தரங்கம்பாடியில் ஒரு செவ்வாய்க்கிழமை

என் தாயாருக்கு வயது 64. கடந்த ஒன்றரை ஆண்டுகளாகத் திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் அவருக்கு டயாலிசிஸ் நடைபெறுகிறது. சிகிச்சை தொடங்கியது முதல் மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் அவர் வந்ததில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அழைத்தாலும், "என்னால் உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்று மறுத்துவிடுவார். நாங்களும் வற்புறுத்தவில்லை. வழியில் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் எங்களுக்கும் இருந்தது.

தாயாரின் தந்தை மயிலாடுதுறையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். தரங்கம்பாடியில் தமிழ் நூல்கள் அச்சேறிய கதையை மகளுக்கு அடிக்கடி சொல்வாராம். அந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சென்ற மாதம் அம்மாவே கேட்டார்.

சிறுநீரக மருத்துவரிடம் அனுமதி கேட்டோம். டயாலிசிஸுக்கு மறுநாள் செல்லலாம் என்றார். அன்றைக்கு உரிய நீரை ஒரே பாட்டிலில் அளந்து எடுத்துக்கொள்ளவும், ஃபிஸ்டுலா உள்ள கையில் பை மாட்டாதிருக்கவும், வெயில் ஏறுமுன் திரும்பவும் அறிவுறுத்தினார். மருந்துச் சீட்டையும் டயாலிசிஸ் குறிப்பேட்டையும் உடன் வைத்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கும்பகோணத்திலிருந்து காரில் புறப்பட்டோம். என் மகன் மடக்கு நாற்காலி ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான்.

பழைய நகர வாயிலைக் கடந்தால் ராஜ வீதி கடலை நோக்கி நேராகச் செல்கிறது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் இங்கே கோட்டை கட்டினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை ஊர் அவர்கள் வசம் இருந்தது.

அவ்வீதியிலேயே புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. முகப்பில் டென்மார்க் அரசரின் மகுடச் சின்னத்தைக் காணலாம். 1706 ஜூலை 9 அன்று இவ்வூரில் கரையிறங்கிய சீகன்பால்கு, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகித் தமிழ் கற்றவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இங்கே அச்சாகி முடிந்தது. 1718 அக்டோபரில் இவ்வாலயம் திறக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியில், 36ஆம் வயதில், அவர் காலமானார். ஆலயத்தின் உள்ளேயே அவருடைய கல்லறை இருக்கிறது.

அதனருகே நாற்காலியை விரித்து அம்மாவை அமர்த்தினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இத்தனை குறைந்த வயதிலா?" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்து, "மணி பார்க்காதே, எனக்கு ஒன்றும் இல்லை" என்றும் சொன்னார்.

கோட்டையில் படியேறுவதைத் தவிர்த்து, கடலருகே நிழலில் அமர்ந்தோம். வியர்வையைக் கண்டு, பழக்க தோஷத்தில் நான் அவருக்கும் சேர்த்து இளநீர் வெட்டச் சொல்லிவிட்டேன். "எனக்கு வேண்டாம்மா. அதில் பொட்டாசியம் அதிகம் என்று டாக்டர் சொன்னாரே" என்று அவரே தடுத்தார். சிறுநீரகம் செயலிழந்தவர் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். அதை அறிந்திருந்தும் நான் மறந்தேன், அவர் மறக்கவில்லை. தம் பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு நீர் அருந்தினார். வீட்டிலிருந்து கொண்டுசென்ற, உப்புக் குறைத்த இட்லியை அனைவரும் உண்டோம். பத்தரை மணிக்குப் புறப்பட்டுவிட்டோம்.

புதன்கிழமை டயாலிசிஸுக்கு முன் எடை பார்க்கும்போது என் நெஞ்சு படபடத்தது. கூடியிருந்த எடை மருத்துவர் வகுத்த அளவுக்குள்ளேயே இருந்தது. அடுத்த படுக்கையில் இருந்தவரிடம் அம்மா தரங்கம்பாடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீரளவும் உணவு விதிகளும் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். ஆதலால் உங்கள் மருத்துவரைக் கேளாமல் புறப்படாதீர்கள். ஆனால் கேட்பதற்கே தயங்கி, எங்களைப் போல் ஒன்றரை ஆண்டு காத்திருக்கவும் வேண்டாம்.