எந்தச் செடி எங்கே? உங்க தோட்டத்துக்கும் ஒரு மேப் போடுங்க!

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரியைப் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு பெட்டியிலும் நாலு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம்னு ஒரு நம்பர் இருக்கும். பெட்டி எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நம்பர் மாறாது. ஆனா நம்ம வீட்டுத் தோட்டத்துல, 'அந்த ஓரத்து எலுமிச்சை எப்போ வெச்சது?'ன்னு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும்.

2023 டிசம்பர் மழையை இந்த ஊர்க்காரங்க மறந்திருக்க மாட்டாங்க. 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. கொட்டியது. அப்படியொரு மழைக்குப் பிறகு நாம என்ன செய்வோம்? வேர் அழுகின செடியைப் பிடுங்கிட்டு, அதே குழியில புதுசா ஒண்ணை வைப்போம். அடுத்த மழையிலும் தண்ணி அங்கேதானே நிக்கும்! மேப் தேவைப்படுறது இதுக்குத்தான்.

கட்டம்போட்ட தாள் ஒண்ணு போதும். ஒரு கட்டம் ஓர் அடி. முதல்ல வீட்டுச் சுவரை வரைஞ்சுக்கோங்க. ஒவ்வொரு செடிக்கும், சுவரோட ரெண்டு மூலையில இருந்தும் டேப் பிடிச்சு தூரத்தை அளந்து, காம்பஸால ரெண்டு வளைவு போடுங்க. வளைவுகள் வெட்டுற இடம்தான் செடி. குழாய், தண்ணி தேங்குற பள்ளம், நிழல் விழுற பக்கம் எல்லாத்தையும் குறிங்க. சொல்லப்போனா செடியைவிட பள்ளம் முக்கியம்.

அடுத்தது நம்பர். தாவரவியல் பூங்காக்களில் செடி வந்த வருஷத்தைச் சேர்த்தே நம்பர் கொடுக்கிற வழக்கம் உண்டு. 2025-ல் வெச்ச ஏழாவது செடின்னா '25-07'. தொட்டி மாத்தினாலும் நம்பர் செடியோடதான் போகணும். செடி செத்துட்டா அந்த நம்பரை இன்னொண்ணுக்குக் கொடுக்காதீங்க. நோட்டுல செத்த தேதியை எழுதிடுங்க.

கடலோரத்துல இன்னொரு காலமும் நோட்டுல வேணும்: எந்தத் தண்ணி? போர் தண்ணி உப்பா இருந்தா எலுமிச்சை இலை ஓரம் கருகும். சப்போட்டாவும் தென்னையும் ஓரளவு தாங்கும். எதுக்கு எந்தத் தண்ணி ஊத்தினோம்னு எழுதியிருந்தா, 'உரம் பத்தலையோ'ன்னு அதுக்கு வேற செலவு பண்ண வேண்டியதில்லை.

லேபிளுக்கு மார்க்கர் வேண்டாம், வெயில்ல வெளுத்துடும். கூல்டிரிங்க்ஸ் கேனைப் பட்டையா வெட்டி, பால்பாயின்ட் பேனாவால அழுத்தி எழுதினா பள்ளமா பதிஞ்சு நிக்கும். ஓரம் கையைக் கிழிக்கும், மடிச்சு விடுங்க. கட்டுறதுக்கு இரும்புக் கம்பி கூடாது, உப்புக் காத்துல சீக்கிரமே துருப்பிடிச்சுடும். அலுமினியக் கம்பி நல்லது. தண்டு பருக்கும்ங்கிறதால தளர்வா கட்டுங்க.