முதல் வகுப்பு டிக்கெட் எதுவரைக்கும் கூட வரும்? பட்டுக்கோட்டையிலிருந்து பறக்கும் அப்பா, அம்மாக்களுக்கு ஒரு வழித்துணை!

பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள தென்னந்தோப்பு வீடுகளில் இப்போது அடிக்கடி நடக்கும் காட்சி இது. அமெரிக்காவிலிருந்து மகன் போன் செய்கிறான்.

"அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன். ஃபர்ஸ்ட் கிளாஸ்! ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க."

அப்பாவுக்கு ஏக சந்தோஷம். அம்மாவுக்கோ அன்று ராத்திரியே தூக்கம் போய்விட்டது. "துபாய்ல இறங்கி வேற பிளேன் மாறணுமாமே... வழி தெரியலன்னா யாரைப் போய் கேக்குறது?"

அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. முதல் வகுப்பு டிக்கெட் நிறைய வசதிகளை வாங்கித் தரும். ஆனால், பாஸ்போர்ட் சோதிக்கும் கவுன்டருக்கு முன்னால் அது கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்ளும். அங்கே கைகொடுப்பது சரியான காகிதங்களும், அடுத்து என்ன நடக்கும் என்ற தெளிவும்தான். 

பாய் விரித்த பயணம்

கடல் கடப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்களை 'சபுராளி' என்பார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'எஸ்.எஸ். ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்தது. அதிலும் வகுப்புகள் உண்டு. கையில் காசிருந்த சிலருக்கு அறை. மற்ற ஆயிரக்கணக்கானோருக்கு மேல்தளத்தில் பாய் விரிக்கும் இடம்தான்.

ரஜூலாவுக்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985-ல் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிவுக்கு வந்தது. இப்போது கப்பலின் இடத்தில் திருச்சி விமான நிலையம். பிரதமர் 2024 ஜனவரி 2-ம் தேதி திறந்துவைத்த புதிய முனையம், அதே ஆண்டு ஜூன் மாதம் முதல் இயங்குகிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பு என இங்கிருந்தே நேராகப் பறக்கலாம். ஆனால், திருச்சிக்கு வந்துபோகும் விமானங்களில் பெரும்பாலானவை சிக்கன ரகம். முதல் வகுப்பு வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

சில விமான நிறுவனங்கள் முதல் வகுப்புப் பயணிகளை வீட்டிலிருந்து அழைத்து வர கார் அனுப்புகின்றன. ஆனால், அது பொதுவாக நகரத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குத்தான். பட்டுக்கோட்டை வாசலுக்கு அந்தக் கார் வராது. முந்தின நாளே சென்னைக்குப் போய்த் தங்கிவிடுவது உத்தமம்.

ஊரில் இனிஷியல்... பாஸ்போர்ட்டில் தலைவலி!

பயணத்தின் முதல் சிக்கல், புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பெயரில் ஆரம்பிக்கிறது. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். உலகம் கேட்பதோ பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு. பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். அப்படி ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று அச்சிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அப்பாவுக்கு யாரோ புதுப்பெயர் வைத்துவிட்டதாக அம்மா பதற வேண்டாம்!

துபாய்க்குச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே பெயரை இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்துவிட்டால் பிற்பாடு அலைச்சல் இல்லை. தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்கிறதா, டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து பிசகினால் முதல் வகுப்புப் பயணியும் கவுன்டரிலேயே நிற்க வேண்டியதுதான்.

அம்மாவின் பையில் என்ன இருக்கிறது?

அடுத்தது பெட்டி. தென்னை சூழ்ந்த ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் திரும்ப வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கியிருக்கும் நேரம். 'பிள்ளைக்கு நம்ம தோப்புத் தேங்காய்' என்று ஆசை வருவது இயல்பு. ஆனால், கொப்பரையை விமானத்தில் கொண்டுபோக முடியாது. எண்ணெய்ப்பசை மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால், ஆபத்தான பொருள்கள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். முழுத் தேங்காய்க்கும் கைப்பையில் அனுமதி இல்லை. சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கே 2024-ல் தனியாகச் சலுகை அறிவிக்க வேண்டியிருந்தது.

ஊறுகாய், நெய், மிளகாய்ப் பொடி மூன்றையும் கைப்பையில் வைக்காதீர்கள். திரவமும் குழம்பு பதத்தில் இருப்பதும் 100 மில்லி பாட்டிலுக்கு மேல் கைப்பையில் போகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கசகசா. நம் அஞ்சறைப் பெட்டியில் சாதாரணமாக இருக்கும் இந்தக் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிவிடும். குருமா மசாலா அரைத்து எடுத்துப் போகிறவர்கள் அதில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். சில இருமல் மருந்துகளும் வலி மாத்திரைகளும்கூட அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. டாக்டர் சீட்டோடு, மாத்திரையை அதன் அட்டையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

அமெரிக்கா என்றால் இன்னும் மூன்று பொருள்களுக்கு 'நோ'. புத்தம்புது கறிவேப்பிலை, மாம்பழம், பொன்னி அரிசி. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி கறிவேப்பிலை வழியாக வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அரிசி மூட்டையில் ஒளிந்து வரும் ஒரு வகை வண்டுக்குப் பயந்து, 2011 முதல் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவரத் தடை. மற்ற உணவுப் பொருள்கள் இருந்தால், 'இருக்கிறது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

லவுஞ்ச்: வெட்கப்பட வேண்டாம், தூங்கிவிடவும் வேண்டாம்

விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் முதல் வகுப்பின் சுகம் தொடங்கும். தனி கவுன்டர், பெட்டிக்கு முன்னுரிமை அட்டை, பிறகு லவுஞ்ச். நல்ல நாற்காலி, சூடான சாப்பாடு, சுத்தமான கழிவறை, பல இடங்களில் குளியலறையும் இருக்கும். எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்கு நடுவானிலேயே ஷவர் உண்டு. ஆனால், தண்ணீர் ஓடுவது ஐந்து நிமிடம்தான். ஆற்றில் முங்கிக் குளித்த அப்பாவுக்கு அது தலை நனையவே போதாது!

லவுஞ்சில் தயங்கி ஓரமாக உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பெரியவர்கள்தான். 'இதுக்கு எவ்வளவு ஆகும்?' என்ற பயம். டிக்கெட்டிலேயே எல்லாம் சேர்ந்திருக்கிறது, தனியாகக் காசு இல்லை. விமானத்தில் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் 'ஆசிய சைவ உணவு' என்று குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

முதல் வகுப்பு இல்லாதவர்களும் ஏங்க வேண்டாம். பல வங்கிகளின் கிரெடிட், டெபிட் கார்டுகளுக்கு இந்திய விமான நிலைய லவுஞ்சுகளில் அனுமதி உண்டு. பொதுவாக, கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். வெளிநாட்டு முனையத்துக்கும் அது செல்லுமா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பல லவுஞ்சுகளில் 'விமானம் புறப்படுகிறது' என்று ஒலிபெருக்கியில் கூப்பிட மாட்டார்கள். திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விமானத்தின் கதவுக்குப் போகும் 'கேட்', புறப்படும் நேரத்துக்குச் சுமார் 20 நிமிடம் முன்பே மூடிவிடும். பெரிய விமான நிலையங்களில் அந்த கேட்டுக்கு நடக்கவே கால் மணி, அரை மணி ஆகலாம். வயிறு நிறையச் சாப்பிட்டு, மெத்தை நாற்காலியில் கண்ணயர்ந்து, விமானத்தைத் தவறவிடுகிறவர்களும் உண்டு. உட்கார்ந்தவுடனேயே வரவேற்பில் இருப்பவரிடம் போர்டிங் பாஸைக் காட்டி, 'நேரமானால் எழுப்புங்கள்' என்று சொல்லிவைப்பது நல்லது. போனில் அலாரமும் இருக்கட்டும்.

வரிசை குறையும்... கேள்வி குறையாது!

இனி பாஸ்போர்ட் கவுன்டர். சில விமான நிலையங்களில் உயர்வகுப்புப் பயணிகளுக்குத் தனி வரிசை உண்டு. வரிசைதான் குறையும், கேள்விகள் அப்படியேதான் இருக்கும். அதிகாரி பார்ப்பது பாஸ்போர்ட்டை. டிக்கெட்டின் விலையை அல்ல.

முன்பெல்லாம் புறப்படும் பயணிகள் ஒரு சீட்டை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்று பேனாவோடு பெரியவர்கள் அலைவார்கள். இந்தியர்களுக்கு அந்தச் சீட்டு 2017 ஜூலை 1 முதல் கிடையாது.

இப்போது அதைவிட நல்ல வசதி வந்திருக்கிறது. கவுன்டருக்கே போகாமல் தானியங்கிக் கதவு வழியாகக் குடியேற்றச் சோதனையை முடிக்கும் 'விரைவுக் குடியேற்றத் திட்டம்' 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, கைரேகையும் முகப்படமும் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். கோலாலம்பூர் போகும் கொத்தனாருக்கும் நியூயார்க் போகும் முதல் வகுப்புப் பயணிக்கும் அங்கே ஒரே கதவுதான்!

அந்தப் பக்கம் அமெரிக்காவில் இறங்கியதும் அதிகாரி கேட்பது மூன்று நான்கு கேள்விகள். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புவீர்கள்? உள்ளதை உள்ளபடி, சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆங்கிலம் வராவிட்டால் 'தமிழ்' என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதுதான் ஆபத்து.

விமானம் மாறும் இடம்

அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு வருவோம். எல்லா விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், சென்னையில் போட்ட பெட்டி பொதுவாக நியூயார்க்கில்தான் கைக்கு வரும். துபாயில் அதைத் தேட வேண்டாம். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. பணம் மிச்சம் என்று தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டு இடங்களில் மட்டும் பெட்டியை எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். திரும்பி வரும்போது சென்னையில் இறங்கித் திருச்சிக்கு விமானம் மாறினாலும் அதே கதைதான். உள்நாட்டு முனையம் வேறு கட்டடம். இரண்டு விமானங்களுக்கும் நடுவே தாராளமாக நேரம் விடுங்கள்.

சக்கர நாற்காலி: இரண்டு பேருக்கும் இரண்டு

நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் எந்த வகுப்பில் போனாலும், சக்கர நாற்காலி உதவிக்குக் காசில்லை. டிக்கெட் போடும்போதே, அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும். அதைத் தள்ளி வருகிற பணியாளரே பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் கவுன்டர், அடுத்த விமானத்தின் கேட் என்று வழிகாட்டி அழைத்துப் போவார். 'யாரைக் கேக்குறது?' என்ற கேள்விக்கு இதுவே பதில்.

இங்கே ஒரு துயரமான பாடமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்து இறங்கிய ஒரு முதிய தம்பதிக்கு ஒரே ஒரு சக்கர நாற்காலிதான் கிடைத்தது. அதில் மனைவியை உட்காரவைத்துவிட்டு, 80 வயதுக் கணவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் மயங்கி விழுந்தவர் பிழைக்கவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

'எனக்கு எதுக்கும்மா, நீ உக்காரு' என்று சொல்லக்கூடிய அப்பாக்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். தேவையென்றால் இருவர் பெயரிலும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது நாற்காலி வரும்வரை உட்கார்ந்து காத்திருங்கள். அப்பா அங்கே கௌரவம் பார்க்க வேண்டாம்.

மகன் செய்ய வேண்டியது

டிக்கெட் போட்டதோடு பிள்ளைகளின் வேலை முடிந்துவிடாது. ஒரு வெள்ளைத்தாளில் விமான எண்கள், நேரம், போய்ச் சேரும் வீட்டு முகவரி, இரண்டு போன் நம்பர்கள், சாப்பிடும் மருந்துகளின் பெயர்... இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். இரண்டு பிரதிகள். ஒன்று அப்பாவின் சட்டைப்பையில், மற்றொன்று அம்மாவின் கைப்பையில். வீடியோ காலில் ஒரு முறை, 'முதலில் இது, அடுத்து இது' என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுங்கள்.

லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய டிக்கெட் அவர்களை வசதியாகப் படுக்கவைக்கும். அம்மா அதில் நிம்மதியாகத் தூங்குவது அந்த வெள்ளைத்தாளால்தான்!