பம்பர்ல சின்ன இடி: க்ளெய்ம் போடலாமா, கைக்காசு போடலாமா?



ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்கிங் தூண்ல இடிச்சு பின்பக்க பம்பர் உடைஞ்சிருச்சு. பம்பர் 5,000, பெயின்ட்டும் கூலியும் 3,000, மொத்தம் 8,000 ரூபாய்னு எஸ்டிமேட் வருதுன்னு வைங்க. "இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், க்ளெய்ம் போட்டுடலாம்"னு ஒர்க்‌ஷாப்ல சொல்வாங்க. ஒரு நிமிஷம் பொறுங்க.

முதல்ல, எவ்வளவு கைக்கு வரும்? ஜீரோ டெப் இல்லாத பாலிசியில பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க. பம்பர்ல 2,500 போச்சு. 1,500 சிசி வரையுள்ள கார்னா கட்டாயக் கழிவு 1,000. மிச்சம் அதிகபட்சம் 4,500.

சரி, எவ்வளவு போகும்? க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்துல 20, 25, 35, 45, 50 சதவீதம்னு படிப்படியா தள்ளுபடி ஏறும். இதுதான் நோ க்ளெய்ம் போனஸ். ஒரு க்ளெய்ம் போட்டா அடுத்த ரினியூவல்ல அது பூஜ்யம்.

தள்ளுபடிக்கு முன் உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000, இப்போ 35 சதவீதத்துல இருக்கீங்கன்னு வைப்போம். அடுத்த 5 ரினியூவலுக்கான தள்ளுபடி:

- க்ளெய்ம் போடலைன்னா: 4,500 + 5,000 + 5,000 + 5,000 + 5,000 = 24,500
- போட்டா: 0 + 2,000 + 2,500 + 3,500 + 4,500 = 12,500

வித்தியாசம் 12,000 ரூபாய். காரின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் இறங்கும், அதனால நிஜத்துல கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 4,500-க்காக இதை விடுறது நஷ்டம்தான். ஜீரோ டெப் இருந்து 7,000 கிடைச்சாலும் அதே கதைதான்.

பில் 30,000, 40,000-னு போனா யோசிக்காம க்ளெய்ம் போடுங்க. என்சிபி ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தா, அதோட நிபந்தனையைப் படிச்சுட்டு முடிவெடுங்க.

எஸ்டிமேட்டை அன்னைக்கே வாங்கிடுங்க. க்ளெய்ம்னா தகவல் சொல்றதைத் தள்ளிப் போடக்கூடாது. போட்டோ எடுத்து வைங்க. கம்பெனி பார்த்து ஒப்புதல் தரும் முன்னாடி ரிப்பேர் ஆரம்பிக்காதீங்க.

ஒரு முக்கியமான விஷயம். யாருக்காவது அடிபட்டா இந்தக் கணக்கே வேண்டாம். முதல்ல மருத்துவ உதவி. அப்புறம் போலீஸுக்குத் தகவல்; மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவுப்படி அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள்ள. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே சொல்லணும். அவங்க சம்மதம் இல்லாம "தப்பு என்னோடதுதான், பணம் தர்றேன்"னு யாருக்கும் வாக்கு கொடுக்காதீங்க, அது பாலிசி நிபந்தனைக்கு எதிரானது.

இன்னைக்கே உங்க பாலிசியை எடுத்து மூணு விஷயம் பாருங்க: ஓன் டேமேஜ் பிரீமியம், என்சிபி சதவீதம், ஜீரோ டெப் இருக்கா இல்லையா. பம்பர் உடைஞ்ச அன்னைக்குக் கணக்குப் போட அஞ்சு நிமிஷம் போதும்.